வீட்டில் எந்த மூலையில் பாரம் குவிகிறது?



2021 ஜூன் மாதம் ஒரு நாள், இரவு மணி 11.40. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். சாப்பாட்டு மேசையில் அக்கா மடிக்கணினி முன்னால உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூடி வைத்த தட்டு. திறந்து பார்த்தால், அம்மா வேலைக்குப் போறதுக்கு முன்னால சுட்டு வைத்த தோசை அப்படியே இருக்கு.

“இன்னும் சாப்பிடலையாக்கா?”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் வந்தது. “இருடா, நான் இன்னும் ஆபீஸ்லதான் இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போல. அடுப்படியிலிருந்து நாலு அடி தூரத்தில் உட்கார்ந்துகிட்டு ஆபீஸ்ல இருக்கேன்னு சொல்றோமேன்னு சிரிக்க ஆரம்பிச்சார். சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது அழுகையா மாறிடுச்சு. எனக்கு என்ன செய்றதுன்னே தெரியல. தோசையை எடுத்துச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தேன். அந்த நேரத்தில் அவ்வளவுதான் தோன்றியது.

இந்த மாதப் பாடத்துக்கு “வீட்டிலிருந்து வேலை, வீட்டிலிருந்து படிப்பு, மனநலம்” என்ற தலைப்பைக் கொடுத்தார்கள். தண்ணீர் நிறைய குடியுங்கள், தியானம் செய்யுங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு முடித்திருப்பேன். அந்த ராத்திரிக்குப் பிறகு அப்படி எழுத மனசு வரல.

1. என்னதான் மாறியது?

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. முதலில் இரண்டு வாரம் என்றார்கள். பிறகு நீட்டித்தார்கள், தளர்த்தினார்கள், மறுபடி இறுக்கினார்கள். 2021 ஜூன் 1 முதல் முழு முடக்கம். கோயில் கதவும் மூடி, பல்கலைக்கழகக் கதவும் மூடி, ஜூலையும் வந்துவிட்டது.

நாங்கள் ஜொகூர் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை. முன்பெல்லாம் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், இரவு வீட்டுக்கு வந்துவிடுவார். எல்லை மூடப் போறாங்கன்னு தெரிஞ்சதும் 2020 மார்ச் 17-ஆம் தேதி ஒரு பையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போனார். அப்போதிலிருந்து அங்கே நாலு பேரோட ஒரு வாடகை அறையில் இருந்தார். இடையில் சிறப்பு அனுமதி வாங்கி, தனிமைப்படுத்தலையும் முடித்து, ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போனார். அம்மாவுக்கு இங்கே மின்னியல் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அனுமதிக் கடிதம் இருந்ததால் வேலை நிற்கவில்லை. அக்கா ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார், அப்போது வீட்டிலிருந்து. நான் அப்போது இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு, இயங்கலையில். தங்கச்சி ஐந்தாம் படிவம், இல்லிருப்புக் கற்றல், அந்த வருஷம் எஸ்.பி.எம்.

இதைவிடக் கஷ்டப்படுற குடும்பங்கள் எத்தனையோ இருக்கு. எங்களுக்குச் சம்பளம் வருது, வைஃபை இருக்கு. 2020-ல் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணைய வசதிக்காக மரத்தில் ஏறி உட்கார்ந்து தேர்வு எழுதிய காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதைப் பார்த்தபோது “நமக்கெல்லாம் என்ன குறை” என்றுதான் நினைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டில் பெரிய பாரம் எதுவும் இல்லை. அப்புறம் ஏன் அக்கா உடைந்தார்?

2. ஒரு விமானம் கற்றுக்கொடுத்த பாடம்

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது என் பாடப்புத்தகத்தில்தான். கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

1954 ஜனவரியில், சிங்கப்பூரிலிருந்து பல ஊர்களில் இறங்கி ஏறி லண்டனுக்குப் போன ஒரு காமெட் விமானம், ரோம் நகரிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே வானத்திலேயே உடைந்து விழுந்தது. அதில் இருந்த 35 பேரும் இறந்தார்கள். உலகத்தின் முதல் ஜெட் பயணிகள் விமான வகை அது. ஏப்ரல் மாதம் இன்னொரு காமெட்டும் அதே போல விழுந்தது. அந்த வகை விமானங்கள் பறப்பதை நிறுத்திவிட்டார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு சோதனை செய்தார்கள். இன்னொரு காமெட்டின் உடலை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்துவது, வெளியே விடுவது, மறுபடி செலுத்துவது என்று செய்துகொண்டே இருந்தார்கள். விமானம் ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் அதன் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள காற்றழுத்த வேறுபாடு கூடுகிறது, இறங்கும்போது குறைகிறது. அதைத்தான் தொட்டியில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்த விமானம் உண்மையில் பறந்த தடவைகளையும் தொட்டிச் சோதனையையும் சேர்த்து 3,057-ஆவது சுழற்சியில் உலோகம் கிழிந்தது.

ஒரு தடவை ஏற்படுகிற அழுத்தத்தை அந்த உலோகம் நன்றாகவே தாங்கும். ஆனா அதே அழுத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும்போது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று உண்டாகி வளர்கிறது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். விரிசல் எங்கே வரும்? ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலையில், ரிவெட் ஆணி அடித்த துளையின் ஓரத்தில். ஏன்னா பாரம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவுவதில்லை. மூலைகளில்தான் குவிகிறது.

ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து முன்னும் பின்னும் வளைச்சுப் பாருங்க. ஒரு தடவை வளைச்சா உடையாது. பல தடவை மாத்தி மாத்தி வளைச்சா, அதே இடத்தில் பட்டுன்னு உடைஞ்சுடும். கடைசி வளைப்பு மட்டும் ரொம்பப் பலமா இருந்துச்சா? இல்ல. முதல் வளைப்பு மாதிரிதான் அதுவும்.

3. எங்கள் வீட்டுக் கணக்கு

அடுத்த நாள் எனக்கு வகுப்பு குறைவு. ஹாலில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட ஆரம்பித்தேன். காலை 8.30 முதல் மாலை 6 மணி வரை, அக்கா வேலையை விட்டு வீட்டு விஷயத்துக்காக எத்தனை தடவை எழுந்தார் என்று ஒரு கணக்கு. சோறு வைக்க, துணி எடுக்க, கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவருக்குக் கதவு திறக்க, தங்கச்சிக்குக் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுக்க. மொத்தம் 23 கோடு. கூட்டத்தில் பேசிக்கொண்டே, மைக்கை அடைத்துவிட்டு, அடுப்பை அணைக்கப் போனதும் அதில் சேர்த்தி.

தங்கச்சி 6 தடவை எழுந்தாள். நான் 2 தடவை. ரெண்டும் சாப்பிடறதுக்கு.

இதில் எனக்கு ரொம்ப வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. அந்த 23 கோட்டில் மூன்று கோடு என்னால் வந்தது. “அக்கா, வைஃபை வரல.” “அக்கா, மதியத்துக்கு என்ன?” “அக்கா, என் நீலச் சட்டை எங்க?” படிக்கிற பையன் என்று எனக்கு ஓர் அறையும் கதவும் இருந்தது. சம்பாதிக்கிற அக்காவுக்குச் சாப்பாட்டு மேசைதான் கிடைத்தது.

முன்பு அக்கா காலையில் வேலைக்குப் போவார், சாயங்காலம் வருவார். வீடு, ஆபீஸ், வீடு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுழற்சி. பேருந்தில் உட்கார்ந்து வருகிற முக்கால் மணி நேரத்தில் ஆபீஸ் மெல்ல மனசைவிட்டு இறங்கிவிடும். முடக்கத்தில் ஒரே நாளில் 23 சுழற்சி. ஒவ்வொன்றும் சின்னதுதான். “ஒரு நிமிஷம்தானே”, “வீட்லதானே இருக்கே” என்று நாம் சொல்வோமே, அந்த அளவுக்குச் சின்னது. பதினைந்து மாதம் இப்படியே போனால்?

வேலை அதிகம் என்பதால் மட்டும் அக்கா உடையவில்லை. ஓயாமல் மாறி மாறி வளைந்ததால் உடைந்தார். அதுவும் வீட்டின் மொத்தப் பாரமும் குவிந்த மூலை அவர்தான்.

இன்னொன்றும் சொல்லணும். அதற்கு மூன்று நாள் முன்பே அப்பா காணொளி அழைப்பில் கேட்டார்: “பெரியவ எங்க? விளக்கு வைக்கிற நேரத்துல அவ முகத்தையே காணோமே?” நாங்கள், “வேலையா இருக்காப்பா,” என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணுக்கு விரிசல் தெரிந்தது. அதே மேசையில் சாப்பிடுகிற எங்களுக்குத் தெரியவில்லை.

4. கீதை என்ன சொல்கிறது?

நம்ம இளைஞர்களில் நிறைய பேருக்குக் கீதை என்றாலே இரண்டாம் அத்தியாயம் 47-ஆவது சுலோகம்தான் ஞாபகம் வரும். கடமையைச் செய்வதில்தான் நமக்கு உரிமை, பலனில் இல்லை என்கிற கருத்து. நல்ல கருத்துதான். ஆனால் அதைச் சில பேர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? ஓய்வு கேட்காதே, முகம் சுளிக்காதே, எவ்வளவு பாரம் வந்தாலும் சும்மா சுமந்துக்கோ என்று. வீட்டுப் பெண்களிடம் இதைச் சொல்வது ரொம்பச் சுலபம்.

அதே கீதையில் ஆறாம் அத்தியாயம் 16, 17-ஆவது சுலோகங்களையும் எடுத்துப் படியுங்கள். அதிகமாகச் சாப்பிடுகிறவனுக்கும் யோகம் கைகூடாது, சாப்பிடாமலே கிடக்கிறவனுக்கும் கைகூடாது. அதிகம் தூங்குகிறவனுக்கும் இல்லை, தூங்காமல் விழித்தே இருப்பவனுக்கும் இல்லை என்கிறார் கண்ணன். உணவு, பொழுதுபோக்கு, செயல், உறக்கம், விழிப்பு எல்லாம் அளவோடு இருப்பவனுக்குத்தான் யோகம் துன்பத்தைப் போக்கும் என்பது அதன் கருத்து. செயலுக்கும் அளவு உண்டு என்பதைக் கவனியுங்கள். இரவு 11.40-க்குச் சாப்பிடாமல் வேலை பார்ப்பதைக் கர்மயோகம் என்று சொல்ல இங்கே இடமே இல்லை.

சரி, அந்த அளவை எப்படி வைப்பது? அதற்கு நம்ம பாட்டிமார்கள் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் விளக்கு ஏற்றுவது. இரவும் பகலும் சந்திக்கிற நேரத்தைச் சந்தி என்கிறோம். அந்த நேரத்தில் தூங்காதே, சாப்பிடாதே, சண்டை போடாதே, கைகால் கழுவிட்டு விளக்கு முன்னால நில்லு என்பார்கள். சின்ன வயசில் எனக்கு இது வெறும் கட்டுப்பாடாகத்தான் தெரிந்தது. இப்போது பார்த்தால், ஒரு நாளை ரெண்டு கூறாகப் பிரிக்கிற கோடு அது. ஆபீஸும் பள்ளியும் கொடுத்த கோடு அழிந்துபோன காலத்தில், வீட்டுக்குள்ளேயே மிச்சம் இருந்த கோடு அது ஒன்றுதான். அதையும் நாங்கள் வேலை, வேலை என்று தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம்.

5. நாங்கள் செய்த மாற்றங்கள்

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அம்மா, அக்கா, தங்கச்சி, நான், கைப்பேசியில் அப்பா, எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். என் தாளைக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் நாலு விஷயம் முடிவு செய்தோம்.

முதலாவது, விளக்குதான் எல்லை. காலையில் விளக்கு வைத்த பிறகுதான் மடிக்கணினியைத் திறப்பது. மாலை 7 மணிக்கு விளக்கு வைத்ததும் மடிக்கணினி பைக்குள் போகும், பை அலமாரிக்குள் போகும். மேசையைத் துடைத்த பிறகுதான் தட்டு வைப்போம். 7 மணிக்கு மேல் மிக அவசரம் என்றால் மட்டும் அழைக்கும்படி அக்கா தன் மேலதிகாரியிடம் பணிவாகச் சொன்னார். இரண்டு நாள் பயந்துகிட்டே இருந்து, மூன்றாவது நாள்தான் சொன்னார். அவர் சரி என்று சொல்லிவிட்டார். எல்லா மேலதிகாரியும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பதும் தெரியும்.

இரண்டாவது, சுழற்சியைக் குறைப்பது. அவசரமில்லாத கேள்விகளைக் குளிர்பெட்டியில் ஒட்டிய தாளில் எழுதி வைக்கணும். மதியம் 1 மணிக்கு மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம். முதல் நாள் நான் எழுதிய ஐந்து கேள்வியில் நாலுக்கு, 1 மணிக்குள் நானே பதில் கண்டுபிடிச்சிட்டேன். நீலச் சட்டை உட்பட.

மூன்றாவது, மூலையில் குவிந்த பாரத்தைப் பரப்புவது. மதியச் சமையல் இனி என் பொறுப்பு. பாத்திரம் தங்கச்சி, துணி நானும் அவளும் மாறி மாறி. என் முதல் சாம்பார் அடிப்பிடித்துப் போனது. அக்கா எழுந்து வர, அம்மா “உட்காரு, அவனே பாத்துக்குவான்” என்று தடுத்துவிட்டார். அந்தச் சாம்பாரை எல்லாரும் சாப்பிட்டோம். தம்பிமார்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். “அக்காவுக்கு உதவி செய்கிறேன்” என்று சொல்லாதீங்க. சாப்பிடுகிற வாய் நம்முடையது என்றால் சமையலும் நம்ம வேலைதான். தேர்வு வாரத்தில் எனக்குப் பதிலாக அம்மா செய்வார். அதையும் பேசி வைத்துக்கொண்டோம்.

இந்த ஏற்பாட்டில் அக்காவுக்கு அறையும் கிடைத்தது. காலையில் அறை அவருக்கு, மேசை எனக்கு. என் விரிவுரையில் கேமராவை அணைத்து வைத்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவர் கூட்டத்தில் அப்படி முடியாது.

நான்காவது, தினமும் ஒரு சோதனை. விமானத்தில் விரிசல் இருக்கிறதா என்று தவறாமல் பரிசோதிப்பார்கள். உடைந்த பிறகு பார்த்துப் பயனில்லை. விளக்கு வைத்து, ஒரு தேவாரம் பாடி, திருநீறு பூசிய பிறகு அப்பாவை அழைப்போம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரி சொல்லணும்: “இன்னைக்கு எது பாரமா இருந்துச்சு?” அறிவுரை சொல்லக்கூடாது, கேட்டால் போதும். முதலில் கூச்சமாக இருந்தது. நாலாவது நாள் அப்பா, “ரூம்ல எல்லாரும் தூங்கினப்புறம் ரொம்பத் தனியா இருக்கும்மா,” என்றார். பதினைந்து மாதத்தில் அவர் அப்படிச் சொன்னது அன்றைக்குத்தான்.

உடம்புக்கும் சில விஷயங்கள், சுருக்கமாக. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றை 20 விநாடி பாருங்கள். கண் சோர்வு குறையும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி மடிக்கணினிக்கு அடியில் புத்தகங்களை அடுக்குங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அடுக்குமாடி வீட்டில் ஓட இடம் இல்லைதான். சூரிய நமஸ்காரத்துக்கு ஒரு பாய் விரிக்கிற இடம் போதும். கைப்பேசியை அறைக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

6. பூசை இருக்கு, உதவியும் கேட்கலாம்

இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கு ஏற்றினால் எல்லா மனக் கஷ்டமும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வாரக் கணக்கில் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், அது மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். காய்ச்சலுக்கு மருந்து எடுத்தால் சாமிமேல நம்பிக்கை இல்லைன்னு யாராவது சொல்வாங்களா? இதுவும் அப்படித்தான். 15999 தாலியான் காசே எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். பேச ஆள் வேண்டும் என்றால் பிஃபிரெண்டர்ஸ் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். பெயர் கெட்டுடும், யாராவது ஏதாவது சொல்லுவாங்க என்று பயப்படாதீங்க.

2021-ல் பல வீடுகளில் வெள்ளைக்கொடி பறந்தது. சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்று வெளியே சொல்ல ஒரு வழியாக இருந்தது அது. நம்ம இயக்கத் தோழர்கள் எங்காவது சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்தால் பொருள் கொண்டுபோய்க் கொடுங்கள். கூடவே உங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். பக்கத்து அறையில் இருப்பவர் மனசு கொடி கட்டிக் காட்டாது. நாமதான் போய்க் கேட்கணும்.

எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது அக்காவுக்கு மணி 9, 10 ஆகிவிடுகிறது. அப்பா எப்ப வருவாருன்னு அப்போது தெரியல. ஆனா ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு நேரத்தில் அக்காவே தேவாரம் பாடினார். அழைப்பில் இருந்த அப்பா, “கேமராவைக் கொஞ்சம் அவ பக்கம் திருப்புடா,” என்றார். திருப்பினேன்.

இந்த வாரப் பயிற்சி

1. ஒரு நாள் முழுக்க, உங்கள் வீட்டில் யார் எத்தனை தடவை தன் வேலையை விட்டு மற்றவருக்காக எழுந்தார் என்று கோடு போட்டுக் கணக்கெடுங்கள். உங்கள் பெயரையும் மறக்காமல் சேருங்கள்.

2. அந்தத் தாளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். அதிகக் கோடு யாருக்கு? அவரிடமிருந்து இந்த வாரம் எந்த ஒரு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

3. மாலை விளக்கு நேரத்தை உங்கள் வேலைக்கோ படிப்புக்கோ எல்லையாக வைத்து ஏழு நாள் நடந்து பாருங்கள். எந்த நாள் எல்லை உடைந்தது, ஏன் உடைந்தது என்று எழுதி வையுங்கள்.

4. கீதை ஆறாம் அத்தியாயம் 16, 17-ஆவது சுலோகங்களைப் பொருளோடு படித்துவிட்டு வாருங்கள். “கடமை என்றால் அளவில்லாமல் உழைப்பதா?” என்பதை அடுத்த இயங்கலை வகுப்பில் கலந்துரையாடலாம்.

5. வெளியூரிலோ தனி அறையிலோ இருக்கிற ஒருவரை இன்று மாலை அழையுங்கள். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்ட பிறகு, “இன்னைக்கு எது பாரமா இருந்துச்சு?” என்றும் கேளுங்கள்.